வேதாகம ஓரச்சித்திரமும் காப்புப்பாலும்

ஓவியர் வெண்மையைப் பெறும் வழி இரண்டு. வெள்ளை வண்ணத்தைக் குழைத்து மேலே பூசுதல் ஒன்று; முன்னரே வெண்மையாயுள்ள இடத்தைப் பிற வண்ணம் படாமற் காத்தல் மற்றொன்று. எண்ணெய் வண்ணத்தில் முன்னையது இயல்பு. நீர்வண்ணத்திற் பின்னையது இயல்பு. நீர்வண்ணம் ஒளியைத் தன்னூடே செல்லவிடும் தன்மையது. அதன்மேல் விழும் ஒளி வண்ணத்தைக் கடந்து, கீழேயுள்ள தாளிற் பட்டு, மீண்டும் வண்ணத்தின் வழியே நம் கண்ணை அடைகின்றது. ஆகவே அவ்வோவியத்தில் ஒளியைத் தருவது தாளேயாம். இருண்ட வானத்தில் விண்மீன் ஒன்றைக் காட்ட விரும்புவோன், இருளைப் பூசுமுன்னரே மீனுக்குரிய இடத்தை ஒதுக்கி வைத்தல் வேண்டும். பூசிய பின்னர் நினைத்து வருந்துவதிற் பயனில்லை.

இவ்வாறு இடத்தை ஒதுக்கிக் காப்பதற்கு இக்காலத்தார் கையாளும் ஒரு பொருளைப் பற்றியும், வேதாகமத்தின் ஓரங்களிற் சித்திரம் தீட்டுவோர் அதனைப் பயன்படுத்தும் முறையைப் பற்றியும், அதனைச் சரியாக அறியாமையாற் சிறியேன் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றேன். அப்பொருள் கடைகளில் ‘மாஸ்கிங் புளூயிட்’ என்னும் பெயரால் விற்கப்படுகின்றது. அதற்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இன்மையின், ஈண்டு அதனைக் ‘காப்புப்பால்’ என வழங்குவேன். பால் என்றதன் காரணம் பின்னர் விளங்கும்.

ஓரச்சித்திரம்

வேதாகமத்தை வாசிக்குங்கால் உள்ளத்திற் பதிந்த ஒரு வசனத்தின் அருகே, பக்கத்தின் ஓரத்தில், அவ்வசனம் எழுப்பிய நினைவைச் சித்திரமாகவோ அழகிய எழுத்தாகவோ தீட்டி வைத்தல் ‘பைபிள் ஜர்னலிங்’ எனப்படும். இந்நூற்றாண்டில் அமெரிக்க நாட்டுக் கிறிஸ்தவரிடையே பெருகிய இவ்வழக்கம் பிற நாடுகளுக்கும் பரவியிருக்கின்றது. இதற்கெனவே அகன்ற ஓரம் விட்டு அச்சிட்ட வேதாகமங்களும் உள்ளன.

திருமறையின் பக்கத்தில் வண்ணம் தீட்டுவது தகுமோ என வினவுவார் உளர். அவ்வினா நியாயமானதே. எனினும் பெயர் புதிதேயன்றிச் செயல் பழையது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். வட இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் தீவிலிருந்த மடத்தோடு தொடர்புடைய சுவிசேஷப் பிரதி ஒன்று ஏறத்தாழக் கி.பி. 700-ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்றது. வண்ணக் கோலங்களாற் சிறந்த அந்நூல் இன்று லண்டன் மாநகரில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றது. அதன் இலத்தீன் வரிகளுக்கிடையே, பத்தாம் நூற்றாண்டில், ஆல்ட்ரெட் என்னும் குரு பழைய ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி வைத்தார். அருமையான நூலிற் பேனாவை வைத்தாரே என்று அவரைக் கடிந்துகொள்வாரும் இருந்திருத்தல் கூடும். ஆயினும், ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்துள்ள சுவிசேஷ மொழிபெயர்ப்புகளுள் மிகப் பழையது அவர் எழுதிய அவ்வரியிடை எழுத்தேயாம். எனவே ஓரத்தில் எழுதுவதனாற் குற்றமில்லை. எதன்மேல் எழுதுகின்றோம் என்பதை அறியாது எழுதுவதே குற்றம். இதனை யான் கற்ற விதத்தைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் தாளைப்பற்றி அறிதல் வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களை ஒரே கட்டடத்துள் அடக்குதற்பொருட்டு வேதாகமத்தை மிக மெல்லிய தாளில் அச்சிடுகின்றனர். நாம் பரீட்சைக்கு எழுதும் சாதாரணத் தாள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 70 கிராம் நிறையுடையது. நீர்வண்ண ஓவியர் விரும்பும் தாள் 300 கிராம். வேதாகமத் தாளோ பெரும்பாலும் 30 முதல் 40 கிராம் அளவினதே. நீர் மிகுந்தால் அது சுருங்கும். வண்ணம் மறுபுறத்தில் ஊறும். அழுத்தித் தேய்த்தாற் கிழியும். ஓவியத்தாளிற் கூறப்படும் விதிகளை அப்படியே வேதாகமத் தாளுக்குக் கொள்ளுதல் ஆகாது.

காக்கும் முறைகள்

வண்ணம் ஏறாதபடி ஓரிடத்தை மூடிக் காக்கும் முறை நம் நாட்டார்க்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையிலிருந்து 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிச் சென்ற கலம்காரித் துணிகளை நோக்குக. அவற்றை நீலச் சாயத்தில் தோய்க்குமுன், நீலம் ஏறக்கூடாத இடங்களையெல்லாம் உருகிய மெழுகினால் மூடினர். தோய்த்த பின்னர்க் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்கினர். மூடிய இடம் மூடுமுன் இருந்தவாறே வெளிப்பட்டது.

தாளிலும் மெழுகைப் பயன்படுத்தியோர் உண்டு. 1940, 1941-ஆம் ஆண்டுகளில் லண்டன் நகரத்தார் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சுரங்க ரயில் நிலையங்களில் இராப்பொழுதைக் கழித்தபோது, ஹென்றி மூர் என்னும் சிற்பி அவர்களை வரைந்தார். மெழுகுக்கோலால் முதலில் வரைந்து, அதன்மேல் நீர்வண்ணத்தை ஓடவிடுவார். மெழுகு பட்ட இடம் நீரை விலக்கி ஒளியுடன் நிற்கும். எனினும் தாளில் ஏறிய மெழுகு நீங்காது. துணியைப் போலத் தாளைக் கொதிநீரில் இடுதலும் இயலாது. காக்கும் வரை காத்து, வேலை முடிந்தபின் முற்றும் அகன்றுவிடும் ஒரு பொருள் வேண்டியிருந்தது. அதுவே காப்புப்பால்.

பாலின் இயல்பு

காப்புப்பாலிற் பெரும்பாலானவை ரப்பர் மரத்தின் பாலைக்கொண்டே செய்யப்படுவன. அம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் அதன் விதைகளைப் பிரேசிலிலிருந்து லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொணர்ந்தார். அங்கு முளைத்த கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கும், அடுத்த ஆண்டிற் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. பின்னர் மலாயாவிலும் இலங்கையிலும் எழுந்த பெருந்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய கைகளுட் பல தமிழர் கைகள் என்பதை யாவரும் அறிவர்.

எங்கள் குமரி மாவட்டத்தின் மலையடிவாரத்திலும் அம்மரம் உண்டு. என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. கருக்கலிற் பால் நன்கு ஊறும் ஆதலின், அவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குச் செல்வார். பட்டையை மெல்லியதாகச் சீவுவார். மரத்தைத் தொடும் அளவுக்குக் கத்தியை ஓட்டார். ஆழ வெட்டினால் அன்று பால் மிகும். ஆனால் மரம் புண்பட்டு, மறுபடி அவ்விடத்திற் பட்டை நேராக வளராது. சிரட்டையில் வடியும் பாலை எடுத்தபின், வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டி உலர்ந்து கிடப்பதை ஒட்டுப்பால் என்பர். சிறுவயதில் அதனை உரித்தெடுப்பது எனக்கு விளையாட்டு. பின்னாளில் ஓவியக்கடையில் வாங்கிய சிறு புட்டியைத் திறந்து முகர்ந்தபோது, இது நம் வீட்டுப் பொருளன்றோ என வியந்தேன்.

பாலில் ரப்பரின் நுண்துகள்கள் நீரில் மிதந்து கொண்டிருக்கும். மரத்திலிருந்து எடுத்த பால் தானே விரைவில் உறைந்துவிடும். அவ்வாறு உறையாமற் காப்பதற்கு அம்மோனியா சேர்க்கின்றனர். புட்டியைத் திறந்தவுடன் மூக்கைத் தாக்கும் நெடி அதனுடையதே. தாளில் இட்டதும் நீரும் அம்மோனியாவும் ஆவியாகிப் போக, துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து மெல்லிய தோலாகின்றன. அத்தோல் மீண்டும் நீரிற் கரையாது. ஆதலின் அதன்மேல் வண்ணநீர் ஓடினாலும் கீழேயுள்ள தாளை அடையாது. வேலை முடிந்தபின் விரலால் தேய்க்க, தோல் சுருண்டு வந்துவிடும்.

தேய்த்து நீக்குதலே ரப்பருக்கு ஆங்கிலத்திற் பெயர் தந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பென்சிற் கோட்டை அழிப்பதற்கு இப்பொருள் மிக ஏற்றது என 1770-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் குறித்து வைத்தார். இச்செய்தியை யான் பன்முறை படித்திருந்தும், வேண்டிய வேளையில் நினைந்தேனல்லேன்.

செய்முறை

ஆதியாகமம் பதினைந்தாம் அதிகாரத்தின் ஓரத்தில் விண்மீன் நிறைந்த இரவு வானத்தைத் தீட்டுவதாகக் கொள்வோம். பிள்ளையில்லாத ஆபிராமைத் தேவன் வெளியே அழைத்து, வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, அவனுடைய சந்ததியைக் குறித்து வாக்களித்த பகுதி அது. காப்புப்பாலின் பயனை அறிய இதனினும் ஏற்ற பொருள் அரிது.

முதலாவது, அதே நூலின் இறுதியிலுள்ள வெற்றுத்தாளில் ஒரு துளியிட்டு, உலர்த்தி, தேய்த்துப் பார்த்தல் வேண்டும். தாளின் மேற்புறம் பஞ்சுபோல் எழுந்தால் அந்நூலில் இம்முறையைக் கைவிடுதலே நன்று. ‘கிளியர் ஜெஸ்ஸோ’ என்னும் நிறமற்ற பூச்சை மெல்லியதாகத் தடவி உலரவிட்டால், தாள் உரம்பெறும், எழுத்தும் மறையாது.

இரண்டாவது, தீட்டும் பக்கத்தின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து அடுத்த பக்கங்களைக் காத்தல் வேண்டும்.

மூன்றாவது, புட்டியைக் குலுக்குதல் கூடாது. குலுக்கினால் நுரை எழும். குமிழி உடைந்த இடத்தின் வழியே வண்ணம் புகும். மெல்லக் கலக்கி, வேண்டிய சில துளிகளை ஒரு மூடியில் ஊற்றிக்கொண்டு, புட்டியை உடனே மூடிவிடுக. நல்ல தூரிகையை இதற்குப் பயன்படுத்தலாகாது. பழைய நைலான் தூரிகையை நனைத்துச் சோப்பில் தேய்த்த பின்னரே பாலிற் தோய்த்தல் வேண்டும். இன்றேல் மயிர்களினிடையே பால் உறைந்து தூரிகை பயனற்றுப்போம். விண்மீன்களுக்குத் தூரிகையும் வேண்டா. தென்னை ஈர்க்குச்சியின் நுனி போதும். மிகச் சிறிய மீன்களுக்குப் பழைய பல்துலக்கியைப் பாலில் தொட்டு, விரலால் வருடித் தெறிக்கவிடலாம். அப்போது அச்செழுத்துள்ள பகுதியை வேறொரு தாளால் மூடிவைத்தல் இன்றியமையாதது.

நான்காவது, பால் தானே உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். தலைமயிர் உலர்த்தும் கருவியைக் காட்டுவதும் வெயிலில் வைப்பதும் தீது. சூட்டினால் ரப்பர் தாளோடு இறுகப் பற்றிக்கொள்ளும்.

ஐந்தாவது, வண்ணம் பூசுதல். கருநீலத்தைக் குறைந்த நீரிற் குழைத்து, மேலிருந்து கீழாக ஒரே முறையிற் பூசிவருக. பூசிய இடத்தையே மீண்டும் மீண்டும் தடவினால் மெல்லிய தாள் பொறுக்காது. பின்னர் முற்றும் உலரவிடுக. புறங்கையால் தொட்டுப் பார்க்கையில் குளிர்ச்சி தோன்றின், ஈரம் இன்னும் உள்ளது என்று அறிக.

ஆறாவது, தோலை நீக்குதல். இதுவே மிக்க கவனத்துக்குரியது. ஒட்டுப்பாலை உரிப்பதுபோல் மேல்நோக்கி இழுத்தலாகாது. தாளும் உடன் வரும். இடக்கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரலைப் பக்கத்தின் வெளியோரத்தை நோக்கி மெல்ல உருட்டுக. அன்றே நீக்குதல் நன்று. நாள் செல்லச் செல்லப் பற்று மிகும்.

நீக்கியபின் மீன்கள் யாவும் கூரிய விளிம்போடு ஒரே தன்மையாய்த் தோன்றும். ஈரத்தூரிகையாற் சிலவற்றின் விளிம்பை மென்மையாக்கின், அவை தொலைவிலுள்ளன போலத் தோன்றும். ஒன்றிரண்டில் நீர்த்த மஞ்சளைத் தொட்டு வைக்கலாம்.

ரப்பர்ப் பால் உடலுக்கு ஒவ்வாதார் இதனைத் தொடுதல் கூடாது. ஏனையோரும் காற்றோட்டமுள்ள இடத்திலிருந்தே பயன்படுத்துக. துணியிற் பட்டு உலர்ந்தால் நீங்குதல் அரிது.

என் பிழை

இம்முறைகளையெல்லாம் ஓவியத்தாளிற் பழகி, எனக்கு இக்கலை கைவந்துவிட்டது என எண்ணியிருந்த காலம். முதலாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறைக்கு வீடு சென்றேன். என் பாட்டியாரின் பிறந்தநாள் அண்மியிருந்தது. அவர் நாள்தோறும் வாசிக்கும் பழைய வேதாகமத்திலேயே, அவருக்கு மிகவும் விருப்பமான ஆதியாகமம் பதினைந்தாம் அதிகாரத்தின் ஓரத்தில், இரவு வானத்தைத் தீட்டி அவரை மகிழ்விக்க விரும்பினேன். அவரைக் கேட்டேனல்லேன், கேட்டால் வியப்புக் குறையும் என்பது என் எண்ணம்.

அந்த ஓரத்தில் என் பாட்டனார் பென்சிலால் எழுதிய ஒரு தேதி இருந்தது. 1974-ஆம் ஆண்டுத் தேதி. அவர் யான் பிறக்குமுன்னரே காலமானார். அவர் கையெழுத்தாக எங்கள் வீட்டில் எஞ்சியிருந்தவை மிகச் சில. அதன்மேல் நீலம் படக்கூடாது என்பதில் யான் மிகுந்த கவலை கொண்டேன். ஆதலின் வேறெதற்கும் முன்னர் அத்தேதியின்மேற் காப்புப்பாலைத் தடித்துப் பூசினேன். பிறகு மீன்களை இட்டேன், வானத்தைத் தீட்டினேன். வண்ணம் மறுபுறம் ஊறவில்லை, தாளும் சுருங்கவில்லை. மாலையில் தோலை மெல்ல உருட்டி நீக்கினேன். தாள் கிழியவில்லை. விண்மீன்கள் வெண்மையாக வெளிப்பட்டன. தேதி இருந்த இடமும் வெண்மையாக வெளிப்பட்டது. அங்கே தேதி இல்லை. சுருண்டு வந்த தோலைப் பார்த்தேன்; அதில் பென்சிலின் கருமை ஒட்டியிருந்தது.

காப்புப்பால் தாளை வண்ணத்தினின்று காக்கும். தன் கீழுள்ள பென்சிலைத் தன்னினின்று காவாது. அச்சுமை தாளுக்குள் ஊறிப் பதிந்தது. பென்சிற் கரியோ தாளின் மேலே படிந்து நிற்பது. பென்சிலை அழிப்பது ரப்பரின் முதற்றொழில் என்பதைப் படித்திருந்தும் மறந்தேன். யாதொன்றை எல்லாவற்றினும் மிகுதியாகக் காக்க விரும்பினேனோ, அதனையே என் கையால் அழித்தேன்.

மறுநாட் காலையிற் பாட்டியாரிடம் உண்மையைக் கூறி வேதாகமத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை அணிந்து வானத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர் வெண்மையான அவ்விடத்தை விரலால் தடவினார். ஒன்பது ஆண்டுகள் தமக்குப் பிள்ளையில்லாதிருந்ததையும், ஒருநாள் இரவு பாட்டனார் இவ்வதிகாரத்தை வாசித்து ஜெபித்து அன்றைய தேதியை எழுதி வைத்ததையும், அடுத்த ஆண்டில் என் தந்தையார் பிறந்ததையும் கூறினார். அதுவரை எனக்கு அத்தேதியின் பொருள் தெரியாது. தேதியை அவர் மறக்கவில்லை. நாள், கிழமை தவறாமற் சொன்னார். யான் உடனே பேனாவை எடுத்து, அதனை அவ்விடத்தில் மீண்டும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

“அவரு எழுதினது போச்சு மக்களே. நீ எழுதினா அது உனக்க எழுத்துதான். அந்த இடம் அப்படியே கிடக்கட்டு” என்றார்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் அன்று முழுவதும் மிகுதியாகப் பேசவுமில்லை.

அறியத்தக்கன

இப்பிழையினின்று யான் கொண்ட விதிகள் சில. முதியோர் கையாண்ட நூலில், அவரைக் கேளாது, எத்துணை நல்லெண்ணத்தோடாயினும் தூரிகையை வைத்தலாகாது. ஓரச்சித்திரத்துக்கென வேறொரு வேதாகமம் வாங்கிக்கொள்க. அது வாய்க்காதார், தனித் தாளில் தீட்டி அதனைப் பக்கத்தின் உள்ளோரத்தில் மெல்லிய பசையால் ஒட்டி வைக்கலாம், மூலப்பக்கத்துக்குக் கேடில்லை. பென்சில் எழுத்துள்ள இடத்திற் காப்புப்பாலை ஒருபோதும் இடற்க. அவ்விடத்தைச் சுற்றி, கைந்நடுக்கமின்றி, தூரிகையாலேயே வண்ணத்தை நிறுத்துக. பொருளாற் காக்க இயலாததைப் பொறுமையாற் காத்தல் வேண்டும். மேலும் பழைய எழுத்துள்ள பக்கத்தைத் தொடுமுன், அது யார் எழுத்து, எதன் பொருட்டு எழுதியது என்று கேட்டறிக. அன்று யான் கேட்டிருப்பின், அப்பக்கத்துக்கு என் வானமே வேண்டியிருந்ததில்லை எனத் தெளிந்திருப்பேன்.

இவ்வாண்டு எம் இலக்கண வகுப்பில் தொல்காப்பியத்தின் எச்சவியலைப் பயின்றோம். எச்சம் பத்து வகைப்படும் என்றும், கூறாது எஞ்சி நிற்பதும் பொருள் தருவதில் ஒரு பங்கு உடையது என்றும் ஆசிரியர் விளக்கியபோது, என் நினைவு பாட்டியாரின் வேதாகமத்துக்குச் சென்றது. அவ்வானத்தில் யான் வைத்த மீன்கள் பல. அவற்றின் நடுவே, மீனின் வடிவமில்லாத, நீண்ட வெண்மையான இடம் ஒன்று உண்டு. அறியாதார் அதனை ஓவியனின் குறை என்பர். பாட்டியாரோ இன்றும் அப்பக்கத்தைத் திறக்குந்தோறும் முதலில் அங்கேயே விரலை வைக்கின்றார்.

இக்கலையிற் புக விரும்பும் நண்பர்கள் காப்புப்பாலை வாங்குமுன், தம் வீட்டு வேதாகமத்தை ஒருமுறை விரித்து, அதன் ஓரங்களில் முன்னோர் எழுதியவற்றை மூத்தோரிடம் கேட்டு வேறொரு ஏட்டிற் குறித்து வைப்பாராக. அதன் பின்னர் வண்ணத்தைத் தொடுக.